ஜாடிக்குள் இருந்த மாமியார்

உலகத்தில் எத்தனையோ மாமியார்கள் உண்டு. ஆனால் ஒரு தேரைக்குத் தன் பெயரைக் கொடுத்த மாமியார், மாப்பிள்ளைக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் வீட்டில்தான் மாப்பிள்ளை குடியிருந்தார். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது சொன்னால் அவருக்குச் சுள்ளென்று கோபம் வரும். வேலை செய்யும் அருங்காட்சியகம் பக்கத்தில் இருக்கிறது, நடந்தே போய்விடலாம் என்று காரணம் சொல்லுவார். கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

தேரை சமாச்சாரம் இதுதான். மாமனார் அதே அருங்காட்சியகத்தில் தவளை, தேரைகளை இனம் பிரிக்கிற வேலையில் இருந்தவர். கல்யாணமான புதிதில் மழைக்காட்டு மலைக்குப் போனவர், மேட்டுப் பகுதியில் ஒரு தேரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும் உடம்பு, பழுப்பு நிறம், முதுகெல்லாம் சொரசொரப்பு. இது யாரும் பார்க்காத புது இனம் என்று முடிவுகட்டி, புது மனைவியின் பெயருக்கு லத்தீன் வால் ஒன்றை ஒட்டி அதற்குச் சூட்டிவிட்டார். மற்ற ஆண்கள் மனைவிக்கு நகை, புடவை என்று வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. சேதி கேட்ட மாமியார் கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. பிறகு, அந்தப் பெயர் உலகத்து நூலகங்களில் எல்லாம் இருக்கும் என்று யாரோ எடுத்துச் சொன்ன பிறகு மனம் மாறினார். அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், குடிக்கத் தண்ணீர் வருவதற்கு முன்னால் தேரை வந்துவிடும். "என் பேர்ல ஒரு உயிர் இருக்கு, தெரியுமில்ல?" என்று ஆரம்பித்தால் விருந்தாளி எழுந்து போக நேரமாகும்.

அந்தப் பெயரைத்தான் மாப்பிள்ளை இப்போது ஒழித்துக்கட்ட வேண்டியிருந்தது.

மாமனார், தேரையின் முதுகைத் தடவிப் பார்த்து இனம் சொன்ன தலைமுறை. மாப்பிள்ளை, அதன் தோலைப் பஞ்சால் ஒற்றி, டி.என்.ஏ. பிரித்து, கம்ப்யூட்டரில் போட்டு வம்சாவளி பார்க்கிற தலைமுறை. அந்த மலைத்தொடரில் இருக்கிற தேரைகள் எல்லாம் ஒரே பெரிய குடும்பம். குன்றுக்கு ஒரு கிளை. யார் யாருக்கு உடன்பிறப்பு, யார் ஒன்றுவிட்ட சித்தப்பா, யார் சும்மா உறவு சொல்லிக்கொண்டு வந்து ஒட்டிக்கொண்டவர் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. இதில் முகஜாடையை நம்பினால் கோவிந்தாதான். அச்சில் வார்த்த மாதிரி இருக்கிற இரண்டு தேரைகள், மனிதன் என்று ஒருவன் தலையெடுப்பதற்கு முன்பே பாகம் பிரித்துக்கொண்டு போனவையாக இருக்கும்.

அதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம் என்பது மட்டும் அவர் புத்தியில் உறைக்கவில்லை. கம்ப்யூட்டர் வரைந்த வம்ச மரத்தில், மாமியார் பெயர் கொண்ட பெரிய பழுப்பு மேட்டுத் தேரையும், ஓடைக்கரையில் வாழும் சின்னஞ்சிறு பச்சைத் தேரையும் ஒரே காம்பில் உட்கார்ந்திருந்தன. அண்ணன் தம்பி முறைகூட இல்லை. இரண்டும் ஒரே இனம்.

சோதனைக் குழாய்களைத் தானே கலந்து வைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, வேலையை முதலிலிருந்து செய்தார். அதே மரம் வந்தது. தன் கையையே நம்பாமல் மனைவியை விட்டு மாதிரி எடுக்க வைத்தார். அப்போதும் அதேதான்.

மனைவி தேரை டாக்டர். ஊருக்கு வெளியே ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கில் இருந்த இனப்பெருக்க நிலையத்தில் அவளுக்கு வேலை. பூஞ்சை நோய் ஒன்று வந்து மலை ஓடைகளில் தேரைகளைத் துடைத்தெடுத்துக்கொண்டு போனபோது, மிச்சம் மீதி இருந்ததை அள்ளிக்கொண்டு வந்து இங்கேதான் வைத்தார்கள். நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் அறை. இடது அறையில் மேட்டுத் தேரைகள், அதற்குள் போகச் சிவப்புச் செருப்பு. வலது அறையில் ஓடைத் தேரைகள், அதற்கு நீலச் செருப்பு. வலையில் இருந்து வாளி வரை எல்லாமே தனித்தனி. நோயும் தொற்றக் கூடாது, இனமும் கலக்கக் கூடாது. யாராவது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நுழைந்தால் இயக்குநர் அம்மா போடும் சத்தத்தில் தேரைகள் வாயடைத்துப் போகும்.

இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தும் பலன் பூஜ்யம். வலது அறையில் இருந்தவை அத்தனையும் ஆண்கள். யாருமில்லாத திசையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. இடது அறையில் இருந்தவை அத்தனையும் பெண்கள். காது கொடுக்காமல் உட்கார்ந்திருந்தன. ஓடைத் தேரைக்குப் பெண் தேடி ஒரு குழுவும், மேட்டுத் தேரைக்கு மாப்பிள்ளை தேடி ஒரு குழுவும் வருடா வருடம் மலையேறி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பி வந்தன. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுகிறவரின் கதைதான். ஒருத்தருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. இரண்டும் வேறு வேறு இனம் என்று புத்தகத்தில் இருந்தது. புத்தகம் எழுதியவர் மாமனார்.

போன பருவத்தில் மேட்டுத் தேரை ஒன்று செத்துப்போனது. வயிறு நிறைய முட்டை. ஆண் வந்து அணைத்துப் பிடித்தால்தான் பெண் முட்டையிடும். பிடிக்க ஆளில்லாமல் உள்ளேயே கட்டிக்கொண்டு உயிரை வாங்கிவிட்டது. மிச்சம் இரண்டு. அதில் ஒன்று சீக்காளி, எலும்பும் தோலுமாக இருந்தது. மற்றொன்றுக்கு இப்போது வயிறு வீங்க ஆரம்பித்திருந்தது.

"ஏங்க, உங்க கம்ப்யூட்டர் சொல்றது நிஜம்னா, இவளுக்கு எதிர் ரூம்லயே மாப்பிள்ளை இருக்கான். நடுவுல இருக்கறது ஒரு நடைதான்," என்றாள் மனைவி.

"நிஜம்தான். மேடம் ஒத்துக்கணுமே."

இயக்குநர் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கெட்டவர் அல்ல, ஜாக்கிரதைக்காரர்.

"நீங்க சொல்றது தப்பா இருந்து, நான் ரெண்டையும் ஒண்ணா விட்டுட்டா என்ன ஆகும்? கலப்புக் குஞ்சு வரும். இதுவும் இல்லாம அதுவும் இல்லாம ரெண்டு இனமும் போச்சு. உங்க மாமனார் புத்தகத்துல என்ன எழுதியிருக்கார்? அவர் முதமுதல்ல பிடிச்சு ஜாடில போட்ட மேட்டுத் தேரை ஆண்னு எழுதியிருக்கார். அது நிஜமா ஆணா இருந்தா, பெரிசா பழுப்பா ஒரு ஆண் இருக்குன்னு அர்த்தம். அப்ப அது தனி இனம்தான், உங்க கம்ப்யூட்டர் பொய்."

"பொண்ணா இருந்தா?"

"அப்ப மேட்டுத் தேரைல ஆணை இதுவரைக்கும் எவருமே பாத்ததில்லன்னு அர்த்தம். ஓடைல இருக்கறவன்தான் புருஷன், மேட்டுல இருக்கறவதான் பொண்டாட்டி. நானே கதவைத் திறந்து விடறேன். ஜாடில இருக்கறதோட வயித்தைத் திறந்து பாத்துட்டு வாங்க."

வேறு வழி இருந்தால் மாப்பிள்ளை பாய்ந்து பிடித்திருப்பார். பார்மலினில் அத்தனை வருடம் ஊறிய உடம்பில் டி.என்.ஏ. தேறாது. ஜாடி இருந்த அலமாரியின் சாவியோ மாமனார் இடுப்பில். ஓய்வு பெற்றும் தினமும் அருங்காட்சியகத்துக்கு வந்து, ஜாடிகளுக்கு நடுவில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். புதிதாக ஒரு பாட்டில் உள்ளே வர வேண்டும் என்றாலும் அவர் தலையசைக்க வேண்டும்.

இன்னொரு வில்லங்கமும் இருந்தது. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்த பெயர்தான் நிலைக்கும். அது விஞ்ஞானத்தில் எழுதாத சட்டம்கூட இல்லை, எழுதிய சட்டம். மேட்டுத் தேரைக்கு முன்பே ஓடைத் தேரைக்குப் பெயர் வைத்தவர், மாமனாரை வாழ்நாளெல்லாம் ஒரு மாதம், இரண்டு மாதம் முந்திக்கொண்டே இருந்த பழைய போட்டியாளர். வீட்டில் அவரை 'அவசரம்' என்றுதான் சொல்லுவார்கள். அவசரமாக அவர் வைத்த லத்தீன் பெயருக்கு 'நாறுவது' என்று பொருள். ஆக, மாமியார் பெயர் போய் அந்த இடத்தில் நாற்றம் வரப்போகிறது. அந்தக் காரியத்தைச் செய்யப்போவது வீட்டோடு... சரி, அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் மாப்பிள்ளை.

அவர் நேரே மாமனாரிடம் போனார். மரத்தைக் காட்டினார். மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி மாமா. அந்த ஜாடியைத் திறந்து, வயித்துல ஒரு சின்ன..."

"அதைத் தொடாதீங்க மாப்பிள்ளை."

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நானே..."

"கத்தின்னு வாயெடுத்தீங்கன்னா எழுந்து போயிடுவேன்."

மாப்பிள்ளை கத்தி என்று சொல்லவே இல்லை. ஆனாலும் மாமனார் எழுந்து போய்விட்டார்.

கௌரவம் பார்க்கிறார் கிழவர் என்று மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தது. எழுதினது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை, அதற்கு ஓர் உயிர் போக வேண்டுமா? அன்றிலிருந்து வீட்டில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மாமனார் செய்தித்தாளை முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை அதன் பின்பக்கத்தைப் படித்தார். மனைவி நிலையத்திலிருந்து வந்து, "இன்னைக்கும் சாப்பிடல. வயிறு இன்னும் பெரிசாயிருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்ப்பாள். செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே போகும்.

மாமியார் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு முறம் பூண்டை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

"உரிங்க. உரிச்சுக்கிட்டே சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கா அவர் தலைகீழா பேப்பர் படிக்கறார்?"

நாலு பல் பூண்டு உரிப்பதற்குள் மாப்பிள்ளை எல்லாவற்றையும் கக்கிவிட்டார். மரம், ஓடைத் தேரை, அவசரம், நாற்றம், ஒன்று பாக்கியில்லை. சொல்லி முடித்துவிட்டு, வாடகைக்கு வீடு எந்தத் தெருவில் கிடைக்கும் என்று யோசித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

மாமியார் கத்தவில்லை. முறத்தைத் தள்ளி வைத்தார்.

"அந்தப் பொண்ணு வயித்துல நிஜமாவே முட்டை இருக்கா?"

"இருக்கு அத்தை. முட்டையிடலைன்னா பிழைக்காது."

"ஜாடியை ஏன் திறக்க மாட்டேங்கறார்?"

"தெரியல. கௌரவம்னு நினைக்கறேன்."

"கௌரவமா? போன வாரம் கூட காலுக்கு ஒரு கலர்ல சாக்ஸ் போட்டுக்கிட்டு போனவருக்கா? எழுந்திரிங்க, கேட்டுடலாம்."

மாமனார் ஞாயிற்றுக்கிழமையும் அருங்காட்சியகத்தில்தான் இருந்தார். அலமாரிகளுக்கு நடுவில் மனைவி வருவதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"நீ ஏன் இங்க வந்தே?"

"என்னைப் பாக்கத்தான் வந்தேன். எங்க வச்சிருக்கீங்க?"

இத்தனை வருடப் பெருமையில், மாமியார் அந்த ஜாடியை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. மாமனார் வேறு வழியில்லாமல் அலமாரியைத் திறந்து, சிவப்பு நாடா கட்டிய ஜாடி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே வெளிறிப் போன ஒரு தேரை, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாமியார் குனிந்து பார்த்தார்.

"இதுவா நான்?"

"பார்மலின்ல நிறம் போயிடும்..."

"விடுங்க, வயசானா எல்லாருக்கும் போறதுதான். சொல்லுங்க, இது ஆம்பளையா பொம்பளையா?"

மாமனார் ஜாடியின் சிவப்பு நாடாவைச் சரிசெய்தார்.

"மாப்பிள்ளை, புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"ஆண்னு போட்டிருக்கு அத்தை."

"ஆம்பளையா?" மாமியாரின் குரல் கூரையில் போய் முட்டியது. "என் பேரை வச்சுட்டு ஆம்பளைன்னா எழுதினீங்க? எதைப் பாத்து எழுதினீங்க?"

"பிடிக்கும்போது தலையை நிமித்தி ஒரு பார்வை பாத்துது. அதட்டற மாதிரி. ஆணாத்தான் இருக்கும்னு..."

"வயித்தைத் திறந்து பாக்கறதுக்கென்ன? அதுதானே உங்க வேலை? சாப்பிட உக்காந்தா கூட எத்தனை தவளையை அறுத்த கதை சொல்லியிருக்கீங்க!"

மாமனார் ஜாடியின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, மாப்பிள்ளை அங்கே நிற்பதையே மறந்தவர்போல் பேசினார்.

"அவசரப்பட்டு முதல்ல பேரை எழுதிட்டேன். சீட்டை அது கால்ல கட்டினேன். அப்புறம்தான் கத்தியை எடுத்தேன். சீட்டுல உன் பேர் இருக்கு. கல்யாணமாகி மூணு மாசம்கூட ஆகல. என்னால முடியல. நாளைக்குப் பாக்கலாம்னு வச்சேன். நாளைக்கும் முடியல. கட்டுரையை அனுப்பியாகணும், அவசரம் வேற முந்திடுவான். குருட்டாம்போக்குல ஆண்னு எழுதிட்டேன்."

மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. மாமனாரைக் கௌரவக்காரர் என்று மனதுக்குள் எத்தனை திட்டு திட்டியிருந்தார்! இவ்வளவு பெரிய தப்பை இவ்வளவு சின்னக் காரணத்துக்காக ஒருவர் செய்வார் என்று எந்தக் கம்ப்யூட்டர் சொல்லும்?

மாமியார் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேஜைமேல் இருந்த கருவிப் பெட்டியைத் திறந்து, கத்தியை எடுத்துக் கணவர் கையில் வைத்தார்.

"பாருங்க. எனக்கு வலிக்காது."

"பேர் போயிடும். அவன் வச்ச பேர்தான் நிக்கும்."

"அதுக்கு என்ன அர்த்தம்னு மாப்பிள்ளை சொன்னார். நல்லவேளை, அதை என் பேர்னு சொல்லிக்க வேண்டியதில்ல. கீறுங்க."

மாமனார் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை முன்னால் வந்தார்; மாமனார் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். தேரையைத் தட்டில் மல்லாத்தி, இத்தனை வருடமாக எழுதாமல் விட்ட அந்த ஒரு கோட்டை வயிற்றில் எழுதினார். தோல் விலகியது. உள்ளே கசகசா போல, இடமே இல்லாமல், முட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன.

"பொண்ணு," என்றார் மாமனார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "அடப்பாவி மனுஷா! இத்தனை முட்டையோடயா என்னை ஜாடில போட்டீங்க?"

அழுதுகொண்டிருந்த மாமனார் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, "மாப்பிள்ளை, போன் போடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

இயக்குநர் அம்மா சொன்ன வார்த்தை தவறவில்லை. அன்று மத்தியானமே கதவு திறந்தது. வலது அறையிலிருந்து இடது அறைக்கு ஓர் ஆண் தேரையை எடுத்துப் போவதற்கு எந்தச் செருப்பு என்று விதியில் இல்லை. இயக்குநர் அம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். மனைவி ஒரு காலில் சிவப்பும் ஒரு காலில் நீலமும் மாட்டிக்கொண்டு, பிளீச்சிங் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, நடையைக் கடந்தாள். சின்னப் பச்சைப் பயல் பெட்டிக்குள் விழுந்ததும் ஒரு விநாடி திகைத்தான். அடுத்த விநாடி அந்தப் பெரிய பழுப்பு முதுகில் ஏறி, இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். வாழ்நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்தவன் அப்போதுதான் வாயை மூடினான்.

அந்தப் பிடியை அவன் வாரக்கணக்கில் விடவில்லை. சோறு தண்ணீர் இல்லாமல் அவள் முதுகிலேயே குடியிருந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் மாப்பிள்ளைக்கு ஏனோ தன் நிலைமை ஞாபகத்துக்கு வந்தது. மனைவி தினமும் எடை பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். தாமதமாகிவிட்டதோ என்று வாய்விட்டுக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் ஒரு நாள் காலை போன் வந்தது. "எல்லாரும் உடனே வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்று பேரும் சிவப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே ஓடும் தண்ணீரில், ஒரு கல்லுக்கு அடியில், முட்டைச் சரம் வெள்ளை வெளேரென்று வந்துகொண்டே இருந்தது. முடிகிற வழியைக் காணோம். பெண் தேரை மெலிந்து, கண்ணை மூடி மூடித் திறந்தது. பிழைத்துக்கொள்ளும் என்றாள் மனைவி. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமனார் கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றார். வெகு நேரம் நின்றார். திரும்பியபோது முகம் விழுந்திருந்தது.

"அன்னைக்கே அந்தக் கோட்டைப் போட்டிருந்தா, போன பருவத்துல அது செத்திருக்காது. இதுக்குள்ள இங்க எத்தனை குஞ்சு வந்திருக்கும். நான் ஒருத்தன் மனசு வராம விட்டதுக்கு ஒரு வம்சமே..."

இல்லை என்று சொல்ல மாப்பிள்ளை வாயைத் திறந்தார். பொய் சொல்ல வரவில்லை. மனைவியும் தரையைப் பார்த்தாள்.

"இங்க பாருங்க," என்றார் மாமியார். "ஜாடிக்குள்ள இருந்த என்னை முப்பது வருஷம் ஒரு கீறல் படாம பாத்துக்கிட்டீங்க. வெளியில இருக்கற நான் வந்ததுலேருந்து முட்டிவலியோட நின்னுக்கிட்டிருக்கேன். போய் ஒரு நாற்காலி எடுத்துட்டு வாங்க."

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலி தேடி ஓடினார்.